எட்டில் முடிந்த முகவரி

நான் கையெழுத்திட்ட தாளில் மூன்றே வரிகள் இருந்தன. மெமரி ஒதுக்கும் பகுதி மூன்று நாள் இடைவிடாமல் சோதிக்கப்பட்டது. முப்பத்திரண்டின் மடங்கான முகவரியில் கேட்ட எல்லா இடங்களும் அப்படியே தரப்பட்டுள்ளன. இப்பகுதியில் குறை இல்லை. புதன்கிழமை காலை 10.25க்குக் கையெழுத்துப் போட்டேன். நேரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. 10.40க்கு எங்கள் மேலாளர் இன்னொரு தாளை முன்னே இழுத்து, எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரை அதில் எழுதத் தொடங்கினார்.

அவர் மதுரைக்காரர். முப்பத்தாறு வயது. நான்கு ஆண்டுகளாக எங்களோடு வேலை செய்கிறார். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல்மாடி அறையில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருந்தார். அந்த மாதக் கடைசியில் இங்கே வேலை செய்ய அவருக்குள்ள அனுமதி, வேலை பாஸ், முடிகிறது. மேலாளர் இரண்டு ஆண்டுக்கு நீட்டிக்கப் பரிந்துரைத்தால், மதுரையில் உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கும் அவர் மனைவி சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு இங்கே வந்துவிடுவார். மதிய உணவு வேளைகளில் இதை அவர் அத்தனை முறை சொல்லியிருக்கிறார். மகளுக்கு எந்த அறை, பள்ளியில் தொடக்கநிலை எத்தனையாம் வகுப்பு என்பதுகூட எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டு என்றால் வருவார்கள். குறைந்தால் வரமாட்டார்கள்.

எங்களுடையது சிறிய நிறுவனம். கேலாங் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி. மருந்து ஏற்றும் குளிர்க்கொள்கலன்களுக்குள் வைக்கும் ஒரு பெட்டியைச் செய்கிறோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து ரேடியோ வழியாக அனுப்பும். அளவு மீறினால் கத்தும். பெட்டிக்குள் ஒரு சிப். சிப்புக்குள் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும், எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி தர வேண்டும் என்று முடிவு செய்யும் சிறிய கெர்னல். அதில் மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி பதினொரு ஆண்டுகளாக என்னுடையது. வெப்பநிலையை எழுதிப் படிக்கும் பகுதி அவருடையது.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு கொள்கலன் குளிர்க்கிடங்குக்கு வெளியே வெயிலில் நின்றிருக்கிறது. பெட்டி உடனே கத்தியிருக்க வேண்டும். பல நிமிடம் தாமதமாகக் கத்தியது. அதுவரை உள்ளே ஏறிக்கொண்டிருந்த வெப்பத்தைச் சொல்லாமல் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. மருந்து தப்பியது, வாடிக்கையாளர் தப்பவிடவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்குள் காரணத்தை எழுத்தில் கேட்டார்கள். புதன்கிழமைக் கூட்டம் அதற்குத்தான்.

மேலாளர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கிறது. அதட்டிப் பேசினாலும் கெட்ட மனிதர் இல்லை.

"உன் பகுதிதான் நம்பர எழுதுது. உன் பகுதிதான் படிக்குது. நடுவுல யாரும் இல்ல. அப்புறம் எப்படிப் பழசு வருது?" என்று மதுரைக்காரரைக் கேட்டார்.

"அதான் சார் புரியல. எழுதின உடனே படிச்சா புது நம்பர் இருக்கு. கொஞ்சம் கழிச்சுப் படிச்சா பழசு இருக்கு."

"பேய் வந்து மாத்திட்டுப் போச்சா?"

"பேய் இல்ல சார். பக்கத்துல இருக்கிறது எதுவோதான். என் நம்பருக்கு முன்னாடி வீட்டுல ரேடியோவுல வர்றத வாங்கி வைக்கிற பஃபர் குடியிருக்கு. ரேடியோல எதாச்சும் வந்தப்புறம்தான் என் நம்பர் பழசாகுது."

"இந்தா, இவங்க மூணு நாள் ஓட்டிப் பாத்திருக்காங்க. ஒவ்வொண்ணையும் பதிஞ்ச லாக்கு மட்டும் நானூறு பக்கம் லா. அதுல ஒரு தப்பு காட்டு, நான் ஒத்துக்கிறேன்."

அவர் மேலாளரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு முகவரியும் பாத்துட்டேன் தம்பி" என்றேன்.

உண்மையில் பார்த்துத்தான் இருந்தேன். நானூறு பக்கத்தையும் அளவுகோலை வைத்து வரிவரியாக.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் புதன் மாலையே எனக்கு உட்கார முடியவில்லை. எதைச் செய்தாலும் பாதியில் எழுந்தேன். சந்தேகம் என்று சொல்ல முடியாது. சந்தேகம் என்றால் எதன் மேல் என்று தெரியும். இது காலுக்குள் இருந்தது.

வியாழக்கிழமை அவர் என்னோடு சாப்பிட வரவில்லை. மதியம் 2.05க்கு நான் பேன்ட்ரியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். தண்ணீர் பிடித்தார், குடிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க தம்பி."

"உங்க லாக் ஓடுறப்ப இந்தத் தப்பு ஒரு தடவகூட வரல. லாக்க நிறுத்திட்டா வருது. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"லாக் ஓடுனா எல்லாம் மெதுவாகும். உங்க பகுதியில நேரம் முன்னப் பின்ன ஆகுற பிரச்சினை இருந்தா அது மறைஞ்சிடும். அவ்வளவுதான்."

எந்தப் பொறியாளரும் சொல்லும் பதில். யோசிக்காமலே வந்தது.

"சரிக்கா. நீங்க பாக்குறப்ப மட்டும் எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க. எங்க ஸ்கூல்ல இன்ஸ்பெக்டர் வர்றப்ப இருக்கிற மாதிரி." தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார். நகைச்சுவையாகச் சொன்னதுபோல் இருந்தது. முகத்தில் அது இல்லை.

அன்று மாலை புக்கிட் மேரா வீட்டில் சமையலறைக்கும் வாசல் நடைபாதைக்கும் நடந்துகொண்டிருந்தேன். மசாலாப் போத்தல்களை உயர வரிசையில் அடுக்கினேன். பிறகு எழுத்து வரிசையில் மாற்றினேன். கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா இப்படி நடக்கிற? வீட்டுக்குள்ள தரை பேந்தா நகர மன்றம் மாத்தித் தராது."

"கால் சும்மா இருக்க மாட்டேங்குது."

"அப்ப கீழ போய் நட. சீரகம் எங்க வச்சேன்னு நாளைக்கு நீயே தேடப் போற."

கீழே போனேன். மூன்று புளோக்கைச் சுற்றி வந்தேன். எங்கள் பெட்டிகளைப் புதிய சிப்புக்கு மாற்றிய மாதத்து நாட்குறிப்பை வெள்ளிக்கிழமை காலை எடுத்துப் பார்த்தேன். "ஒதுக்கும் பகுதியை முப்பத்திரண்டுக்கு மாற்றினேன். பிற்பகல் சரிபார்த்தேன். சரி." நான்கு சொற்றொடர்கூட இல்லை. எதைச் சரிபார்த்தேன் என்று எழுதவில்லை. எதைச் சமைத்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை டேக்கா சந்தை. 9.20க்கு மீன் கடையில் நின்றேன். கடைக்காரர் வெட்டிக்கொண்டிருந்தார், எனக்கு முன்னால் ஒரு அம்மா மீன் தலையை இரண்டாக வெட்டுவதா நான்காக வெட்டுவதா என்று வாதாடிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வரும்போது பள்ளியில் என்ன மாறுகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அமைதியாகிறார்கள். அதைத்தான் நான் 'மெதுவாகும்' என்று சொன்னேன். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாற்காலியும் போட வேண்டும். என் லாக் நேரத்தை மட்டுமா எடுக்கிறது? இடமும் எடுக்கிறது.

நான் மெமரியில் ஓர் இடத்தைக் கொடுக்கும்போதெல்லாம் அதன் தலையில் ஒரு சிறு குறிப்பு எழுதி வைப்பேன். இந்த இடம் எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது. அதற்கு எட்டு பைட் போதும். லாக் ஓடும்போது இன்னும் விவரம் எழுதுவேன்: எத்தனை மணிக்கு, எந்த வரியிலிருந்து கேட்டார்கள், கடைசியாகத் திருப்பிக் கொடுத்தது எப்போது. வேறு யாரும் இத்தனை எழுதுவதில்லை. எனக்கு எழுதாமல் முடியாது. அப்போது குறிப்பு எட்டு பைட் இல்லை. முப்பத்திரண்டு.

"அக்கா, என்ன வேணும்? நிக்கிறீங்க" என்றார் மீன்கடைக்காரர்.

"ஒரு கிலோ."

"எதுல ஒரு கிலோ?"

கை காட்டிய மீனை வாங்கிக்கொண்டேன். வீட்டுப் பேருந்துக்குப் போகாமல் எம்ஆர்டி ஏறினேன். ரயிலில் இடம் இருந்தும் நின்றேன். அலுவலகத்தில் சனிக்கிழமை யாரும் இல்லை. பேன்ட்ரிக் குளிர்பெட்டியில் மீனை வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். 10.15.

மேசையில் ஒரு பெட்டி இருந்தது. லாக் இல்லாத நிரலை, சாங்கிக்கு அனுப்பிய அதே நிரலை, அதில் ஏற்றினேன். ரேடியோவுக்குக் கொடுத்த இடத்தின் முகவரியை மட்டும் வெளியிலிருந்து ஒரு சோதனைக் கருவியின் ஊசிமுனையால் படித்தேன். எதுவும் இடம் மாறிவிடக் கூடாதல்லவா. முப்பத்திரண்டின் மடங்கான முகவரியை நாங்கள் எழுதும் பதினாறடிமான முறையில் எழுதினால் கடைசி இலக்கம் எப்போதும் பூஜ்யம்தான். வேறு எதுவும் வர வழியில்லை.

எட்டு வந்தது.

பெட்டியை அணைத்துப் போட்டேன். எட்டு. பதினொரு முறை அணைத்துப் போட்டேன். பதினொரு முறையும் எட்டு.

என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன், எனக்கே மறுபடி விளக்கிக்கொள்ள. முப்பத்திரண்டின் மடங்கில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். அந்த இடத்தின் வாசலில் ரேடியோவை உட்கார வைத்திருக்க வேண்டும். என் குறிப்பு வாசலுக்கு வெளியே, முன்னால் இருந்திருக்க வேண்டும். நான் வாசலில் என் குறிப்பை உட்கார வைத்து, ரேடியோவை எட்டு பைட் உள்ளே தள்ளிவிட்டேன். பிறகு சரிபார்த்தேன். எதை? என் குறிப்பின் முகவரியை. அது அழகாக முப்பத்திரண்டின் மடங்கில் இருந்தது. லாக் ஓடும்போது குறிப்பே முப்பத்திரண்டு பைட் என்பதால் ரேடியோவும் தானாகவே ஒழுங்கான முகவரிக்கு வந்துவிடும். நானூறு பக்கமும் அப்படி வந்ததுதான்.

பழைய சிப்பில் இது யாரையும் உறுத்தாது. புதிய சிப், மெமரிக்குப் போய்வரும் நேரத்தை மிச்சப்படுத்த, அடிக்கடி தேவைப்படுவதை முப்பத்திரண்டு முப்பத்திரண்டு பைட்டாகக் கைக்கருகே நகல் வைத்துக்கொள்ளும். புதிதாக எழுதுவதையும் முதலில் அந்த நகலில்தான் எழுதும். நேரம் கிடைக்கும்போது மெமரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரேடியோ மட்டும் இந்த நகலைக் கேட்காமல் நேராக மெமரியில் கொட்டும். கொட்டியதும் நாங்கள் சிப்பிடம் சொல்வோம்: இந்த இடத்துக்கான உன் நகல் பழையது, எறிந்துவிடு. சிப் முப்பத்திரண்டு பைட்டாகத்தான் எறியும். எட்டு பைட் தள்ளி உட்கார்ந்த ரேடியோவின் வால் அடுத்த முப்பத்திரண்டுக்குள் நீண்டிருந்தது. அதே முப்பத்திரண்டில், மடங்கு எதுவும் கேட்காமல் அடுத்த வீட்டில் குடியிருந்தது மதுரைக்காரரின் எண். ரேடியோவின் நகலை எறியும்போது, அவர் அப்போதுதான் எழுதி இன்னும் மெமரிக்குப் போய்ச் சேராத புதிய எண்ணும் சேர்ந்து போயிற்று. அடுத்து படிக்கும்போது மெமரியில் இருந்த பழைய எண் வந்தது. சிப்புக்கு வேலை அதிகமிருந்தால் புதிய எண் முன்னதாகவே மெமரிக்குப் போயிருக்கும், தப்பு தெரியாது. சும்மா இருக்கும் பெட்டியில்தான் தெரியும்.

எழுதினேன் என்று அவர் சொன்னது உண்மை. பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று சொன்னதும் உண்மை. ஆனால் தப்பு ரேடியோவைக்கூடச் சேராது. ரேடியோவை அங்கே உட்கார வைத்தது நான்.

முதலில் எனக்கு வெட்கம் வரவில்லை. இதை வேறு யார் கண்டுபிடிக்கக்கூடும் என்ற எண்ணம்தான் வந்தது. யாரும் இல்லை என்று தோன்றியது. அந்தப் பகுதியைத் திறந்து படிப்பவள் நான் ஒருத்திதான். ஒரு வரி மாற்றினால் அடுத்த பதிப்பில் குறை மறைந்துவிடும். அவர் தன் பகுதியில் எதையாவது திருத்தியதால் சரியாயிற்று என்று எல்லாரும், அவரும்கூட, நினைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணத்தோடு ஜன்னலுக்கும் மேசைக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம் நடந்தேன். நாட்குறிப்பில் அந்த இருபது நிமிடத்தையும் எழுதியிருக்கிறேன். பிறகு திரையைப் படம் எடுத்து, பதினொரு எட்டுகளையும் சேமித்துவிட்டு, அவரை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மாலையில் செய்தி வந்தது: நாளைக்குப் பேசலாம் அக்கா, ரூம்ல ஆள் இருக்காங்க.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30. ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கோப்பிக் கடை. ஞாயிறென்பதால் நடைபாதை முழுக்க ஆட்கள். திறந்தவெளிப் புல்லில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எனக்கு முன்பே வந்து சுவரோரமாக இடம் பிடித்திருந்தார். எனக்கு நாற்காலியில் நிலைகொள்ளவில்லை. தேநீர் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினேன். என் குறிப்பு இங்கே, ரேடியோ இங்கே, உங்கள் எண் இங்கே.

அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு நாளாக்கா இப்படி இருக்கு?"

"சிப் மாறினதுல இருந்து. பதினாலு மாசம்."

"என் பகுதிய மூணு தடவ திரும்ப எழுதினேன். முதல்லேர்ந்து. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணாவது தடவ எழுதுறப்ப, எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு. எழுதினேன்னு நெனச்சுக்கிட்டு எழுதாமலே விட்டிருப்பேனோன்னு. வீட்டுல சொல்லிட்டேன். தப்பு என்னுதாத்தான் இருக்கும், ஒரு வருஷம்தான் கெடைக்கும், நீ வரவேணாம்னு."

"தப்பு என்னுதுதான் தம்பி. மன்னிச்சிடுங்க."

"புதன்கிழம நான் சொன்னேன்ல. பக்கத்துல பாருங்கன்னு. ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தீங்கன்னா." குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். "நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் பிரச்சினையே. நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்ப நான்தானே மிச்சம்?"

வந்திருந்த தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"என்கிட்ட மன்னிப்பு கேக்குறது இருக்கட்டும்க்கா. தாள்ல எழுதுங்க."

"நாளைக்குக் காலைல எழுதுறேன்."

"என் பேரு போட்டு எழுதினாங்க. உங்க பேரு போட்டு எழுதுவாங்களா?"

"நானே போடுறேன்."

அவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். போகும்போது காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வீட்டுல காட்டணும்" என்றார். அப்போதுதான் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

திங்கட்கிழமை 8.30க்கு மேலாளர் வருமுன்பே அவர் அறை வாசலில் நின்றேன். படங்களைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நீயா?" என்றார் கடைசியில்.

"நான்தான் அண்ணே."

"சரி. கஸ்டமருக்கு என்ன எழுதுறது? சிப் மாறினதால வந்த சிக்கல், சரி பண்ணிட்டோம். அது போதும் லா. யார் பேரும் வேணாம்."

"புதன்கிழம ஒரு பேர் போட்டீங்களே."

"அது வேற தாளு."

"அது எங்க போச்சு?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "தலைமையகத்துக்கு. அன்னைக்கே. பாஸ் விஷயம் அவசரம்னு கேட்டாங்க. வேலையில கவனக் குறைவு இருக்கு, ஒரு வருஷம் கொடுத்துப் பாக்கலாம்னு எழுதிட்டேன்."

"திருப்பி வாங்குங்க அண்ணே."

"போன தாள எப்படிம்மா வாங்குறது? இன்னொண்ணுதான் அனுப்ப முடியும்."

"அப்ப அனுப்புங்க. நானும் ஒண்ணு எழுதியிருக்கேன், கூட வைங்க."

நான் எழுதியது ஒன்றரைப் பக்கம். குறை ஒதுக்கும் பகுதியில் இருந்தது, அதை எழுதியவள் நான், சரிபார்த்ததாகச் சான்றளித்தவளும் நான், சரிபார்த்தது தவறான முகவரியை, வெப்பநிலைப் பகுதியில் எந்தக் குறையும் இல்லை, அதை எழுதியவர் முதலிலேயே சரியான திசையைக் காட்டினார். மேலாளர் இரண்டு முறை படித்தார்.

"இத அனுப்பினா உனக்கு என்னாகும்னு யோசிச்சியா?"

"சனிக்கிழம இருபது நிமிஷம் யோசிச்சேன்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் அனுப்பினார். என் எதிரிலேயே அனுப்பினார். நான் திரையைப் பார்த்தேன், அவரை நம்பாமல் இல்லை. பார்க்காமல் நகர முடியவில்லை.

எனக்கு ஆனது பெரிதாக ஒன்றும் இல்லை. இனி என் பகுதிகளுக்கு இன்னொருவரும் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு விதி வந்தது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். ஒரு வரித் திருத்தத்தோடு புதிய நிரல் எல்லாப் பெட்டிகளுக்கும் போனது. மதுரைக்காரர் மறுபடி என்னோடு சாப்பிட வந்தார். முன்புபோல மகளைப் பற்றிப் பேசவில்லை, வேலையைப் பற்றி மட்டும் பேசினார். தலைமையகத்திலிருந்து பதில் இல்லை. நான் தினமும் காலையில் மேலாளரைக் கேட்டேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவர் என்னைக் கண்டதுமே தலையை ஆட்டத் தொடங்கினார்.

பதினொரு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பதில் வந்தது. முதல் பரிந்துரையின்படி விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டது. ஒப்புதலும் வந்துவிட்டது. ஒரு வருடம். அவர் பகுதியில் குறை இல்லை என்பது கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை கருத்தில் கொள்ளப்படும். மேலாளர் அதை அவரிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் நான் ரெண்டு வாங்கித் தர்றேன், என் பொறுப்பு" என்றார். அவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். பிற்பகல் 3.10.

பின்னால் போயிருக்கக் கூடாது. போனேன். படிக்கட்டின் கனமான கதவைத் தள்ளியபோது அவர் ஒரு படி கீழே, சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தார். கதவை மூடினால் சத்தம் வரும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

"இல்லம்மா, ஒரு வருஷம்தான். … ஆமா, பேரெல்லாம் சரி பண்ணிட்டாங்க, ஆனா இது முன்னாடியே போயிருச்சாம். … லீவு லெட்டர் குடுத்துட்டியா? எப்ப? நான்தான் பொறுன்னு சொன்னேன்ல. … சரி, சரி, அழாத. நான் படம் அனுப்பினதுல நீ முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்ட. திருப்பிக் கேட்டுப் பாரு. … யாரு, ஆறாம் வகுப்பயா? அதுக்குள்ள ஆள் போட்டுட்டாங்களா?"

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ம்" என்று மட்டும் சொன்னார். முடித்துவிட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தார். வியப்படையவில்லை.

"அவ வகுப்ப வேற டீச்சருக்குக் குடுத்துட்டாங்களாம்க்கா. லீவ ரத்து பண்ணலாம், ஆனா வகுப்பு இல்ல. ஜூன் வரைக்கும் யாராச்சும் வராத பீரியடுக்கெல்லாம் போய் உக்காரணும்."

"இங்க வந்திட முடியாதா, ஒரு வருஷத்துக்கு?"

"பிள்ளைய அங்க ஸ்கூல்ல இருந்து நிறுத்தி, இங்க சேத்து, அடுத்த வருஷம் இவங்க என்ன சொல்வாங்கன்னு பாத்துக்கிட்டு உக்காரவா? முடியாதுக்கா." மூச்சை இழுத்து விட்டார். "கடைசில ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"அந்த அக்கா மேல உங்களுக்குக் கோவமான்னு."

நான் கதவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது.

"தெரியலன்னு சொன்னேன்" என்றார். என்னைத் தாண்டி உள்ளே போனார். தன் மேசைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார் என்று கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

எனக்கு உள்ளே போக முடியவில்லை. ஐந்தாம் மாடியிலிருந்து தரைத்தளம் வரை படியில் இறங்கினேன். லாரிகள் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மின்தூக்கி திறந்துதான் இருந்தது. படியிலேயே ஏறி வந்தேன். என் மேசையில் உட்கார்ந்தபோது மணி 3.35.